கதவில் தொங்கிய சாமந்தி வளையம்

கர்ப்பமாக இருக்கும்போது சிலருக்கு மாங்காய் தின்னத் தோன்றும், சிலருக்குச் சாம்பல் தின்னத் தோன்றும். எனக்குச் சண்டை போடத் தோன்றியது. ஏழாவது மாதம் முழுக்க யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். மெட்ரோவில் எழுந்து இடம் தராதவர்களோடு, ஐந்து மாடி இருந்தும் லிஃப்ட் இல்லாத கட்டடத்தோடு, சமையலறைக் குழாயோடு. பெரும்பங்கு என் கணவருக்குப் போனது. பாவம், பொறுத்துக்கொண்டார். ஆனால் அவர் சொன்ன ஒரு வார்த்தையை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"வளைகாப்பா? இந்த ஊர்ல யாரு வருவா?"

சொல்லிவிட்டு மடிக்கணினிக்குத் திரும்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரணம், அவர் சொன்னது உண்மை.

அது 2011, ஐப்பசி மாதம். திருச்சியிலிருந்து பாரிஸுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு மென்பொருள் வேலை, எனக்கு ஆய்வகத்தில் வேலை. லா ஷப்பெல்லில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருந்தோம். கீழே இறங்கினால் முருங்கைக்காய், பட்டுச் சேலை, கண்ணாடி வளையல், காது நிறையத் தமிழ். ஆனால் அது யாழ்ப்பாணத் தமிழ். நாங்கள் வாயைத் திறந்ததும் "இந்தியாவோ?" என்று கேட்டுவிட்டு மரியாதையாக விலகிக்கொள்வார்கள். படிக்கட்டில் பார்த்தால் ஒரு வணக்கம், ஒரு தலையாட்டல், அதோடு சரி. அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்தவர்கள் என்று பார்த்தால், குழாய் ரிப்பேர்காரரும் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவரும்தான்.

வளைகாப்பு பிறந்த வீட்டார் செய்ய வேண்டிய காரியம். அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. "வெறுங்கையோட பிள்ளை பெத்துக்கப் போறியேடி" என்று ஸ்கைப்பில் மூக்கைச் சிந்தினாள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வளையல் சத்தம் கேட்கும், அதைக் கேட்டுச் சந்தோஷப்படும் என்பார்கள். அதை நான் நம்புகிறேனா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. ஆனால் நாலு பெண்கள் என் வீட்டுக்கு வந்து, என் கையைப் பிடித்து வளையல் போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. எவ்வளவு ஆசை என்று யாரிடமும் சொல்லவில்லை. சண்டையாகத்தான் அது வெளியே வந்தது.

"யாரு வர்றான்னு பாத்துக்கிட்டே இரு" என்றேன்.

அன்று மாலையே இரண்டாம் மாடி அக்காவின் கதவைத் தட்டினேன். வன்னியிலிருந்து போர் முடிந்தபின் வந்தவர். கணவர் ஓர் உணவகத்தில் சமையல் வேலை, அக்கா காய்கறிக் கடையில் வேலை. அவரோடு நான் பேசியிருந்ததெல்லாம் வெண்டைக்காய் விலை மட்டும்தான்.

"அக்கா, அடுத்த சனிக்கிழமை எனக்கு வளைகாப்பு. நீங்க கண்டிப்பா வரணும்."

"எங்கடை பக்கத்திலை இது பெரிசாச் செய்யிறேல்லை, தங்கச்சி. வந்து என்ன செய்ய வேணும்?"

"கையில வளையல் போடணும். அப்புறம் சாப்பிடணும்."

"அவ்வளவுதானோ? ஓம், வாறன். பொண்டியிலை என்ரை மச்சாள் இருக்கிறா, வில்லியே லே பெல்லிலை இன்னொரு மச்சாள். ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாறன்."

இரண்டு மாடியையும் பறந்து ஏறினேன் என்று சொல்ல ஆசைதான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கித்தான் ஏறினேன். ஆனால் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆய்வகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. ஓய்வு பெறும் வயது. அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் அழைத்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு என்னைவிட உற்சாகம். விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் கதவில் ஏதாவது தொங்க வேண்டாமா என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் வீட்டு வாசற்கதவில் காய்ந்த திராட்சைக் கொடியை வளைத்துக் கட்டிய வளையம் ஒன்று தொங்கியது. அதில் சிவந்த இலைகள், காட்டு ரோஜாவின் சிவப்புக் காய்கள், ஒரு குட்டிப் பூசணி. இலையுதிர் காலம் வந்தால் இங்கே கதவுகளில் இப்படி மாட்டுவார்கள், வருகிறவர்களை வரவேற்க. தோட்டத்திலிருந்து கொடி வெட்டிவந்து எனக்கும் ஒன்று செய்யக் கற்றுக்கொடுத்தார். நான் கட்டியது கொஞ்சம் கோணல். மதாம் அதை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, கதவுக்கு அது போதும் என்றார்.

சனிக்கிழமை காலை அதைக் கதவில் மாட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். மனசுக்குப் பிடிக்கவில்லை. மதாம் வீட்டில் அழகாக இருந்தது எங்கள் வாசலில் வெறும் சருகாகத் தெரிந்தது. சருகை மாட்டியா சுமங்கலிகளை வரவேற்பது? பூ வேண்டும் என்று முடிவு செய்து கீழே இறங்கினேன்.

தெரு முனைப் பூக்கடையில் எனக்காகவே வைத்தது போலச் சாமந்தி. தொட்டி தொட்டியாக நடைபாதை முழுக்க, மஞ்சளும் வெள்ளையும் அரக்குமாக. ஆயுதபூஜைக்குக்கூட இவ்வளவு சாமந்தியை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. இரண்டு மஞ்சள் தொட்டிகளை எடுத்தேன். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தி, "பொன் கூராஜ், மதாம்" என்றார். தைரியமாக இருங்கள் என்று அர்த்தம். இந்த வயிற்றோடு நாலு மாடி ஏற வேண்டுமே, அதற்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். "நன்றி, இன்றைக்கு எங்கள் வீட்டில் விசேஷம்" என்று பல் தெரியச் சிரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பூக்களைக் கிள்ளி, கொடி தெரியாத அளவுக்கு நெருக்கமாகச் செருகினேன். இலைகள் ஓரத்தில் மட்டும் எட்டிப் பார்த்தன. வட்டமாக, மஞ்சளாக, ஒரு பெரிய தட்டளவுக்குக் கதவின் நடுவில் ஜொலித்தது. கை முழுக்கப் புளிக்காய்ச்சலோடு வந்து பார்த்த என் கணவர், "நல்லா இருக்கே" என்றார். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், தினமும் செய்தியில் தலைவர்களின் உடலுக்கு மலர்வளையம் வைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள், நின்று ரசித்தோம். எப்படித் தோன்றாமல் போனது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனக்கு அது மதாம் வீட்டுக் கதவாகவே தெரிந்தது, அவ்வளவுதான்.

பத்தரைக்கு ராகு காலம் முடிந்தது. பட்டுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் தட்டு நிறையப் பச்சை, சிவப்புக் கண்ணாடி வளையல்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் தயார். மேசையில் மடிக்கணினி, அதில் அம்மா.

படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. அக்காவின் குரல், கூட இன்னும் இரண்டு குரல்கள், சிரிப்பு. எங்கள் மாடிக்கு வந்ததும் சட்டென்று நின்றது. "ஐயோ, கடவுளே" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். பிறகு காலடிகள் கீழே இறங்கின. என் கணவர் போய்க் கதவைத் திறந்தபோது யாரும் இல்லை.

"எதையோ மறந்துட்டாங்க போல" என்றார்.

பதினொன்று. பதினொன்றேகால். யார் யாரோ ஏறி வந்தார்கள், எங்கள் கதவு முன்னால் நின்றார்கள், பூனை மாதிரி அடி வைத்துப் போனார்கள். ஐந்தாம் மாடியில் சனிக்கிழமை காலையில் அலறும் பாட்டு பாதியில் நின்றது. மூன்றாம் மாடிக் குழந்தைகளை யாரோ அதட்டி உள்ளே இழுத்தார்கள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

"எல்லாரும் வந்தாச்சாடி?" என்றாள் அம்மா.

"வந்துக்கிட்டே இருக்காங்கம்மா."

என் கணவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் சொல்லவில்லை. என் நாற்காலி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஆறிப்போன பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. இந்த ஊரும் வேண்டாம், இந்த மனிதர்களும் வேண்டாம் என்று இருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். தட்டில் வளையல்கள் அப்படியே கிடந்தன.

நல்ல நேரம் முடிய இருந்தபோது கதவு தட்டப்பட்டது. கோபத்தோடு நானே எழுந்து போய்த் திறந்தேன்.

வாசலில் அக்கா. மங்கலான பருத்திச் சேலை, நெற்றியில் பொட்டில்லை, கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பிளாஸ்க். பின்னால் அதே கோலத்தில் மச்சாள்மார் இருவர், ஒருவர் கையில் பாண் ரொட்டி, இன்னொருவர் கையில் மூடிய சட்டி. அவர்களுக்கும் பின்னால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். மூன்றாம் மாடிக் குடும்பம், ஐந்தாம் மாடி மாணவர்கள், நான் பெயர்கூடக் கேட்டிராத முகங்கள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

அக்கா என் பட்டுச் சேலையைப் பார்த்தார். தலைப்பூவைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் என் வயிற்றைத் தொட்டார்.

"பிள்ளைக்கு ஒண்டும் இல்லையோ?"

"இல்லக்கா. உதைச்சுக்கிட்டுதான் இருக்கு."

"அவர்?"

"உள்ள பொங்கல் கிண்டுறாரு."

"அப்ப ஆர் செத்தது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா கதவைக் காட்டினார். திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் மலர்வளையம். அந்த நிமிஷம்தான் அதை முதல் முறையாகப் பார்த்தேன்.

"யாரும் சாகலக்கா. அது அலங்காரம்" என்றேன்.

பொண்டியிலிருந்து வந்த மச்சாள்தான் முதலில் ஆரம்பித்தார். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அது படிக்கட்டில் ஒவ்வொருவராக இறங்கிப்போய் மூன்றாம் மாடிவரை சிரிப்பானது. அக்கா மட்டும் படியில் உட்கார்ந்து அழுதார். நிறையச் சாவு பார்த்துவிட்டு வந்தவர். கர்ப்பிணி வீட்டு வாசலில் வளையத்தைப் பார்த்தால் அவர் என்ன நினைப்பார்? மேலே வரத் தைரியமில்லாமல் தன் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, கலர்ச் சேலையை மாற்றச் சொல்லி, செத்தவீட்டில் அடுப்பு எரியாதே என்று பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றி, பாணும் சம்பலும் எடுத்துக்கொண்டு, தன்னைத் திடப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறார். நான் அவர் பக்கத்தில் உட்கார முடியாமல் நின்றபடியே அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில் மதாம் வந்து சேர்ந்தார், கையில் ஆப்பிள் டார்ட்டோடு. படியில் அழுதுகொண்டிருக்கும் பெண்ணைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "யார்?" என்று கேட்டார்.

இன்னொரு முறை எல்லோரும் சிரித்தோம். எங்கள் ஊரில் வளையம் என்றால் சாவு என்று நான் விளக்கினேன். மதாம் தலையை ஆட்டி மறுத்தார். வளையத்தில் தவறே இல்லை, அது அழகு, அது வரவேற்பு. பூதான் தவறு. வரும் செவ்வாய்க்கிழமை இறந்தவர்களின் கல்லறைக்குப் போகும் நாள். அந்த வாரம் முழுக்க இந்த நாட்டில் சாமந்தி போவது கல்லறைக்கு மட்டும்தான், அதை யாரும் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். பூக்கடைக்காரர் ஏன் தைரியம் சொன்னார் என்பது அப்போதுதான் விளங்கியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பூவிலை என்ன பிழை எண்டு கேளும். சாமிக்கு வைக்கிற பூ. வட்டம்தான் பிழை." நான் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் விடவில்லை. நான் தமிழில் சொன்னேன். இரண்டு பேரும் என்னை நடுவில் நிறுத்தி வாதாடினார்கள். இரண்டு நாட்டுத் துக்கத்தையும் ஒரே ஆணியில் மாட்டிய பெண் பாரிஸில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உள்ளேயிருந்து அம்மா, "என்னடி அங்க சத்தம்?" என்றாள். அவள் மட்டும் அதைப் பார்த்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் என் கணவர் வளையத்தைக் கழற்றிக்கொண்டு ஓடினார். எங்கள் வீட்டில் ஒளித்துவைக்க இடம் ஏது? மடிக்கணினி முன்னால்தான் ஓட முடிந்தது.

"மாப்ள, கையில என்ன அது?"

"பூ மாலை, அத்தை."

"யாரு கட்டுனது? இவ்வளவு கோணலா?"

அக்கா சமையலறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்தார். வளையத்தைத் தரையில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். கம்பிகளை வெட்டி, கொடியை அவிழ்த்து, இலைகளைத் தனியாகவும் பூக்களைத் தனியாகவும் எடுத்தார்கள். மாவிலைத் தோரணம் போலக் காம்பை மடித்து, சிவந்த இலைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் குத்தினார்கள். இலை போதவில்லை. என் கணவரைக் கீழே பூங்காவுக்கு அனுப்பினோம். பட்டு வேட்டி, மேலே குளிர்கோட்டு, மரத்தடியில் குனிந்து குனிந்து நல்ல இலையாகப் பொறுக்கும் அவரை ஜன்னலிலிருந்து பார்த்து எல்லாப் பெண்களும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர் நிமிர்ந்து கையை ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்தார். பூக்களுக்கு மதாமே தீர்ப்புச் சொன்னார். பூவாக இருந்தால்தான் கல்லறை, இதழாக உதிர்த்துவிட்டால் குற்றமில்லை. அவரே உட்கார்ந்து பித்தளைத் தட்டில் உதிர்த்தார். அக்கா யோசித்துவிட்டு, "அது சரி" என்றார்.

தோரணம் கதவின் மேல் ஏறியது. சிவப்பும் மஞ்சளும் பழுப்புமாக ஒரே உயரமில்லாத இலைகள். எனக்குத் திடீரென்று நினைவு வந்தது.

"அக்கா, நல்ல நேரம் போயிடுச்சே."

"பிள்ளை வயித்துக்குள்ளை உதைச்சுக்கொண்டு கிடக்கு. இதைவிட நல்ல நேரம் எப்ப வரப்போகுது? கையை நீட்டும்."

நீட்டினேன். முதல் வளையலை அக்கா போட்டார். என் விரல்களைக் குவித்துப் பிடித்து, உடையாமல், மெதுவாக. பிறகு மச்சாள்மார், மூன்றாம் மாடியம்மா, அவர் மகள், மதாம். மதாமுக்கு விரலைக் குவிக்கத் தெரியாமல் இரண்டு வளையல் உடைந்தது, யாரும் சகுனம் பார்க்கவில்லை. கன்னத்தில் சந்தனம் பூசி, தலையில் சாமந்தி இதழைத் தூவினார்கள். கையை ஆட்டினேன். முழங்கை வரை சத்தம். வயிற்றுக்குள்ளிருந்து பலமாக ஓர் உதை வந்தது. நான் நம்பிவிட்டேன். அம்மா மேசையிலிருந்து சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது வேறு அழுகை.

புளியோதரையும் பாணும் சம்பலும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். உட்கார இடமில்லாமல் ஆட்கள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள், செருப்புகள் மூன்றாம் மாடிவரை இறங்கிப் போயிருந்தன. விசேஷத்துக்கு நான் கூப்பிட்டது நாலைந்து பேரைத்தான். துக்கம் என்று நினைத்ததும் கூப்பிடாமலே மொத்தக் கட்டடமும் வந்திருந்தது. பொங்கல் வாளியோடு என்னைத் தாண்டிப் போன கணவரை நிறுத்திக் கேட்டேன்.

"யாரு வருவான்னு கேட்டியே?"

"தள்ளு, பந்தி காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

தை மாதத்தில் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் எங்கள் கதவில் இலைத் தோரணம் தொங்கும். மகள் நடக்கக் கற்றுக்கொண்டதிலிருந்து இலை பொறுக்குவது அவள் வேலை. அக்காவை அவள் பெரியம்மா என்று கூப்பிடுவாள், அவர் தமிழில் கேட்பதற்கெல்லாம் பிரெஞ்சில் பதில் சொல்வாள், அக்காவும் கடையிலிருந்து வரும் வழியில் நல்ல இலை கண்டால் பையில் போட்டுக்கொண்டு வருவார். மதாம் ஓய்வு பெற்ற பிறகும் வருஷம் ஒரு முறை திராட்சை இலைகளை உறையில் வைத்து அனுப்புகிறார். தோரணம் ஏறியதும் ஏதாவது ஒரு பொங்கலோ சுண்டலோ செய்வேன், படிக்கட்டு நிறையும்.

சென்ற வருஷம் அது விட்டுப்போனது. எனக்கு வேலை அதிகம், மகளுக்கு நண்பர்கள் அதிகம், இவருக்கு முதுகுவலி. ஐப்பசி பாதி தாண்டியும் கதவு வெறுமையாகக் கிடந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டு நான் போய்த் திறந்தேன். அக்கா நின்றார். இரண்டு மாடியை வேகமாக ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவிழ்ந்த தலையை முடிந்துகொள்ளக்கூட நேரமில்லை போல. என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேலாக எட்டி உள்ளே இவரையும் மகளையும் தேடிப் பார்த்தார்.

"வாசலிலை ஒண்டும் இல்லை" என்றார். "ஆருக்கு என்ன நடந்தது?"

அவர் கையில் பிளாஸ்க் இருந்தது.